மாலை போடாத படம்

முதலில் மன்னித்துக்கொள். வாசிப்பதென்றால் உனக்கு அலுப்பு என்று தெரிந்திருந்தும் இவ்வளவு நீளமாக எழுதப்போகிறேன். இரண்டு வரிக்கு மேல் செய்தி அனுப்பினாலே, "எடியே கம்பஸ்காரி, இதென்ன சோதினைப் பேப்பரோ? வாயாலை சொல்லு" என்று குரல் பதிவு அனுப்புகிறவள் நீ. வாயால் சொல்ல எனக்கு வராது என்பதும் உனக்குத் தெரியும். ஒருவரோடு நேரில் கதைக்கும்போது பாதி வசனத்தில் நின்றுவிடுவேன். எழுதினால்தான் வசனம் முற்றுப்புள்ளிவரை போகும்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன். இப்போதே கேட்டால் "ஏலாது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவாய்.

சில நாட்களுக்கு முன் உன் மாமா என் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். வருகிற மாதம் உன் ஆட்டைத் திவசம். பாரிஸில் எங்கள் ஆட்களின் லா சப்பல் கடைக் கண்ணாடிகளில் ஒட்டுவதற்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி ஒன்று செய்வித்திருக்கிறார். "பிள்ளை, எழுத்துப் பிழை கிடக்கோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லும். நீர் படிச்ச பிள்ளை" என்று எழுதியிருந்தார். பார்த்தேன். உன் பெயர் சரி. ஊரின் பெயர் சரி. திகதிகள் சரி. முகம்தான் பிழை.

போன வருடம் கண்ணீர் அஞ்சலிக்குப் போட்ட அதே படம். நீல வானம், இரண்டு மூலையிலும் ரோசாப்பூ, நடுவில் நீ உடுத்தே இராத மெரூன் சேலை, நீ போட்டே இராத அட்டியல். அந்தக் கழுத்தின் மேல், வதிவிடக் கார்டுக்காக மெத்ரோ நிலையத்துப் படம் பிடிக்கும் பெட்டிக்குள் இருந்து எடுத்த உன் தலை. சிரிக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது, காது தெரிய வேண்டும் என்ற சட்டத்துக்குப் பயந்து விறைத்த தலை. உன் இடது தாடையில் இருந்த காயத் தழும்பைப் படம் செய்தவர் இந்த முறையும் நன்றாக மெழுகி அழித்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வடிவாக வர வேண்டும் என்றுதான் செய்திருப்பார். போன வருடம் உன் அஞ்சலியை எந்தக் கடையில் ஒட்டியிருக்கிறார்கள் என்று தேடிப் போன நான், அதன் முன்னால் நின்று, யாரோ பாவம் ஓர் இளம் பெண் என்று நினைத்து நகர்ந்துவிட்டேன். கீழே உன் பெயரைக் கண்டுதான் திரும்பி வந்தேன்.

உன் மாமா அதை உன் அம்மாவுக்கும் அனுப்பியிருக்கிறார். அன்று மத்தியானமே அம்மா வன்னியிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"பாத்தனியோ பிள்ளை? சீலை நல்ல வடிவு. ஆனா அதுக்குள்ளை நிக்கிறது ஆரெண்டு எனக்குத் தெரியேல்லை."

அவரே தொடர்ந்தார்.

"அவளின்ரை தாடையிலை பட்ட காயத்தை நான்தான் கையாலை பொத்திக்கொண்டு ஓடினனான். இந்தக் கையாலை. அதை அழிச்சுப்போட்டு இதுதான் உன்ரை பிள்ளை எண்டா நான் என்னண்டு நம்புறது? உன்னட்டை அவளின்ரை படம் ஒண்டும் இல்லையோ? நீங்கள் ரெண்டு பேரும் எந்த நேரமும் படம்தானே எடுத்துக்கொண்டு திரிஞ்சனீங்கள்."

எடுத்தோம்தான். ஆயிரக்கணக்கில் எடுத்தோம். இலை எடுத்தோம், புறா எடுத்தோம், வெங்காயச் சருகு எடுத்தோம். உன் முகம் உள்ள படம் ஒன்றே ஒன்று. அது என்னிடம் இருக்கிறது. "இதை ஒருத்தருக்கும் காட்டாதை" என்று நீ சொல்லி, நான் தலையாட்டிய படம். இதற்காகத்தான் எழுதுகிறேன்.

உன்னை முதன்முதலில் கண்டபோது உன் முகத்தை நான் காணவில்லை. முதுகைத்தான் கண்டேன். ரூ பெர்தொனே தெருவில் நான் வேலை செய்த சேலைக் கடைக்கும் நீ சமையலறையில் நின்ற சாப்பாட்டுக் கடைக்கும் பின்னால் ஒரே முற்றம். குப்பைத் தொட்டிகளும் மரக்கறிப் பெட்டிகளும் வைக்கிற அந்த ஈர முற்றத்தில், வெள்ளைத் தொப்பியோடு நீ முழங்காலில் குந்தி, கறிவேப்பிலைப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தாய். தோட்டைத் தொலைத்துவிட்டாயாக்கும் என்று நினைத்து, "என்ன தேடுறியள்?" என்று கேட்டேன்.

"கதையாதையுங்கோ. மூச்சும் விடாதையுங்கோ. ஆடுது."

ஆடியது ஒரு தண்ணீர்த் துளி. இலையின் நுனியில் நின்றது. அதற்குள் எதிர்க் கட்டடம் தலைகீழாக, யன்னல்களோடு, ஒரு யன்னலில் காயப்போட்ட சிவப்புத் துவாயோடு தொங்கியது. நீ போனை எனக்குக் காட்டினாய். உன் கமராக் கண்ணாடி வெடித்திருந்தபடியால், நீ எடுத்த எல்லாவற்றின் குறுக்கேயும் ஒரு புகைக் கோடு ஓடும். துளி இருந்த இடத்தில் வெறும் பச்சைப் புகை.

"நல்லா வரேல்லை" என்றேன். உண்மையைச் சொல்வதைத் தவிர எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

"ஓம், நல்லா வரேல்லை" என்று நீ ஒத்துக்கொண்டாய். "ஆனா நான் கண்டனான்தானே."

அதைச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். படத்தில் விழாத துளிக்காக நீ ஒரு துளியும் கவலைப்படவில்லை. நான் அன்று முழுக்கச் சேலை மடித்துக்கொண்டே அந்தச் சிவப்புத் துவாயை நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த முற்றத்தில் பல மாதங்கள் நின்று மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டவள் நான். மேலே ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அந்த நாட்களில் நான் நிமிராமல் நடந்ததற்குக் காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. திப்ளோமைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிய கையோடு என் அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதன் பிறகு எனக்கு வேலை கிடைக்கவில்லை. சனி ஞாயிறில் மட்டும் போன சேலைக் கடைக்குக் கிழமை முழுவதும் போகத் தொடங்கினேன். வருகிற பெண்களுக்கு என்னைத் தெரியும்.

"நீர்தானே அந்தப் பட்டம் எடுத்த பிள்ளை? பிறகேன் இஞ்சை நிண்டு சீலை மடிக்கிறீர்?"

அப்படி ஒருவர் கேட்ட நாளில், கடைக்காரருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த நீ கதவடியில் நின்று, "அன்ரி, பட்டம் எடுத்த ஆள் மடிச்சா மடிப்பு உலையாதாம். நீங்கள் எடுங்கோ, விலை ஒண்டுதான்" என்றாய். அந்த அன்ரி சிரித்துவிட்டார். இரண்டு சேலை எடுத்துக்கொண்டு போனார். நானும் சிரித்தேன். அன்றைக்கு "நீங்கள்" போய் "நீ" வந்தது. கம்பஸ்காரி என்ற பட்டமும் வந்தது. பல்கலைக்கழகம் தந்ததைவிட அது எனக்கு நன்றாகப் பொருந்தியது என்று இப்போது நினைக்கிறேன்.

நாளுக்கு ஒரு படம் என்ற விளையாட்டை யார் தொடங்கினோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை. சட்டங்கள் மட்டும் நீ போட்டவை. மெத்ரோவால் இறங்கிக் கடைக்கு வருகிற வழியில் கண்டதாக இருக்க வேண்டும். ஈபிள் கோபுரம் கூடாது. சாப்பாட்டுக் கோப்பை கூடாது. அடுத்தவன் காரில் சாய்ந்துகொண்டு நிற்கக் கூடாது. "ஊருக்கு அனுப்புற படத்திலை நாங்கள் எல்லாரும் வேறை ஆக்கள். இது எங்களுக்கு" என்றாய்.

அந்த வழி எவ்வளவு சின்னது! ஆனால் முடியவே இல்லை. மெத்ரோப் பாலத்தின் இரும்புத் தூண்களுக்கிடையில் காலை வெயில் துண்டு துண்டாக விழும். மேலே ரயில் போனால் தரையில் கிடக்கும் வெயில் எல்லாம் ஒரு கணம் ஓடித் திரும்பி வந்து நிற்கும். தள்ளுவண்டியில் சோளம் சுடுகிறவரின் புகைக்குள்ளும் வெயில் வரும். ரயில் பாதைக்கு மேலே உள்ள பாலத்தில் கம்பி வலையில் மூக்கை அழுத்திக்கொண்டு நாங்கள் பார்த்த ஊதாப் பூ, கல்லுக்கும் இரும்புக்கும் நடுவில் யாரும் நடாமல் வளர்ந்து நின்றது. அதற்குப் பெயர் தேடிச் சொல்லவா என்று கேட்டேன். "வேண்டாம், பெயர் தெரிஞ்சா பிறகு பாக்கமாட்டம்" என்று நீ அதற்குத் தண்டவாளப் பூ என்று வைத்தாய். பனி பெய்த நாளில் நீ அனுப்பியது பனியை அல்ல. கடை வாசலில் பனி மிதித்துப் போனவர்களின் காலடிகளுக்கு நடுவே ஒரு புறாவின் காலடி. அதனுடன் வந்த குரல் பதிவில், "இவருக்கு மட்டும் சப்பாத்து இல்லை, பாவம்" என்றாய்.

என் படங்கள் ஒழுங்காக வரும். நேராக, தெளிவாக, நடுவில் வரும். "கார்ட் எடுக்கப் பிரெவெக் கந்தோருக்குக் குடுக்கலாம்" என்று நீ பகிடி பண்ணுவாய். உன்னுடையவை சாய்ந்திருக்கும், புகைந்திருக்கும். சில நாட்களில் என்ன எடுத்தாய் என்று உனக்கே தெரியாது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இருவரும் சண்டை பிடிப்போம். ஒருமுறை நான் நாய் என்றேன், நீ மழைக் கோட்டு என்றாய். அடுத்த நாள் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தோம். மழைக் கோட்டுப் போட்ட நாய்.

பிறகு அந்த நேர்முகம் வந்தது. நல்ல அலுவலகம், நான் படித்த வேலை. "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். நான் பெயரைச் சொன்னேன். அதன் பிறகு எனக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாமல் போய்விட்டது. "பர்தோன், பர்தோன்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். வீட்டுக்குப் போக முகம் இல்லாமல் முற்றத்துக்கு வந்தேன். நீ உருளைக்கிழங்கு மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாய்.

"நான் ஒண்டுக்கும் உதவாதவள். மக்கு. இவ்வளவு படிச்சும் வாய் திறக்கத் தெரியாது" என்றேன்.

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொல்லுறன்."

"அந்த நானைக் கூட்டிக்கொண்டு வா இஞ்சை. அகப்பையாலை ரெண்டு போடுறன்." சிரிக்காமல் சொன்னாய். "வேறை ஆரும் உன்னை உப்பிடிச் சொன்னா நான் விடுவனோ? பிறகு உன்னை மட்டும் ஏன் சொல்ல விடவேணும்?"

நான் அழுதேன். நீ கட்டிப்பிடிக்கவில்லை, கையெல்லாம் மண். பதிலாக, "கையைக் காட்டு" என்று சொல்லி என் வலது கையைப் படம் எடுத்தாய். விரலில் பட்டு நூல் ஒட்டியிருந்தது. நகத்தில், விலை எழுதிய பேனையின் நீலம். உன் கமராவின் புகைக் கோடு அதன் மேல் ஓடியது. அதற்கு முன் நான் என் கையைப் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. வேறு யாருடைய கையாவது அப்படி இருந்திருந்தால், களைத்துப் போன நல்ல கை என்று நினைத்திருப்பேன்.

அன்றிலிருந்து இன்னொரு சட்டம் சேர்ந்தது. கிழமைக்கு ஒருமுறை நான் என்னையும் எடுக்க வேண்டும். முகம் வேண்டியதில்லை. கை, கால், நிழல், எதுவானாலும். அந்தப் படத்தைப் பற்றி ஒரு கூடாத சொல்லும் சொல்லக் கூடாது. நான் விடவில்லை. "எனக்கு மட்டும் சட்டம், உனக்கில்லையோ?" என்று கேட்டேன்.

"நானோ? போடி விசரி."

நீ அம்மாவோடு வீடியோவில் கதைக்கும்போதுகூடப் போனை வலப்பக்கம்தான் பிடிப்பாய். தொப்பி கழற்றியதும் முதல் வேலையாகத் தலைமயிரை இடப்பக்கம் இழுத்து விடுவாய். குசினிக்குள் ஒருவரும் உன் தாடையைப் பார்ப்பதில்லை, வெளியே வந்தால் எல்லாரும் பார்க்கிறார்கள் என்றாய். அந்த மெத்ரோப் பெட்டிக்குள் உன் முகத்தை நேராகப் பார்க்கச் சொல்லி இயந்திரம் திரும்பத் திரும்பக் கட்டளையிட்டதையும், வெளியே வந்து படங்கள் விழுகிற துவாரத்தைக் கையால் மூடிக்கொண்டு நின்றதையும் அப்போதுதான் சொன்னாய். என்னை மக்கு என்று சொல்ல விடாதவள் உன் முகத்துக்கு என்னென்ன பெயர் வைத்திருந்தாய்! அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை. அகப்பையை யார் யாருக்குப் போடுவது என்று கேட்டபோது மட்டும் சிரித்தாய்.

அடுத்த கிழமை ரூ பஜோல் சுவரில் விழுந்த உன் நிழலை அனுப்பினாய். அதற்கடுத்த கிழமை, வேலைச் சப்பாத்துக்குப் பக்கத்தில் முளைவிட்ட ஓர் உருளைக்கிழங்கு. "ரெண்டு பேரும் இஞ்சை வந்துதான் முளைச்சனாங்கள்" என்றாய். ஒருநாள் உன் காது மட்டும். வலது காது. பிறகு இடது காது. ஒரு தண்டவாளப் பூவைத் திருப்பி அனுப்பினேன்.

தேர் நாளன்று தெருவெல்லாம் தேங்காய் உடைத்திருந்தார்கள். தேர் போய்விட்டது. மேளச் சத்தம் அடுத்த தெருவுக்குள் திரும்பிவிட்டது. கூட்டமும் அதன் பின்னால் போய்விட்டது. நீ லீவு எடுத்து வந்திருந்தாய். இருவரும் நடைபாதை ஓரத்தில் குந்தி, கால் வலி ஆறும்வரை மோர் குடித்துக்கொண்டிருந்தோம். தார் ரோட்டில் இளநீர் ஓடி, அதில் பாரிஸ் வானம் கிடந்தது. ஒரு தேங்காய்ப் பாதியில் உன் போனைச் சாத்தி வைத்து, "இண்டைக்கு எடுப்பம், ரெண்டு பேரும். உனக்கு ஓமோ?" என்றாய். நான் ஓம் சொல்ல முன் அது பத்து, ஒன்பது என்று எண்ணத் தொடங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் பச்சை உடுப்புக்காரர் தெரு கழுவ வந்தார். குழாயைத் திறந்தவர் எங்களைக் காணவில்லை. தண்ணீர் தேங்காயெல்லாம் உருட்டிக்கொண்டு வந்து எங்கள் மேல் அடித்தது. நான் "பர்தோன்!" என்று கத்தினேன். தண்ணீர் அடித்தது அவர், மன்னிப்புக் கேட்டது நான். நீ என் கழுத்தைக் கட்டிப் பிடித்து, என் பக்கம் முகத்தைத் திருப்பி, "இப்பவும் நீயோடி பர்தோன் கேக்கிறாய்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாய். போன் அந்தக் கணத்தில் எடுத்தது.

படம் சரிந்துவிட்டது. பாதி வானம். மிச்சப் பாதியில் நாங்கள். என் வாய் திறந்திருக்கிறது, கண் மூடியிருக்கிறது. நீ என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய். ஈர மயிர் பின்னால் ஒட்டிக் கிடக்கிறது. உன் இடப்பக்கம் முழுவதும் கமராவைப் பார்க்கிறது. வெயில் தழும்பின் மேல்தான் முதலில் விழுந்திருக்கிறது. அதன் குறுக்கே உன் கமராவின் புகைக் கோடு ஓடினாலும், எல்லாம் தெரிகிறது.

நீ அதை நெடுநேரம் பார்த்தாய். அழிப்பாய் என்று நினைத்தேன். "நல்லா வந்திருக்கு" என்றாய். உன் எந்தப் படத்தையும் நீ அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அனுப்பினாய். பிறகு, "இதை ஒருத்தருக்கும் காட்டாதை. இது இப்ப எனக்குப் பழக்கமில்லை. நான் கொஞ்ச நாள் பாத்துப் பழகிறன்" என்றாய்.

பழகக் கிடைத்தது ஒரு மாரிகாலம்தான். பனி முடிகிற நேரத்தில், வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தவளுக்குத் தலைக்குள் இரத்தம் கசிந்தது என்றார்கள். ஆஸ்பத்திரியில் உன் கண்கள் மூடியே இருந்தன. உன் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. உன் மாமா போனைத் தூக்கிப் பிடிக்க, அவர் அங்கிருந்து அதற்குள் பார்த்துக்கொண்டு நின்றார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். நீயும் விரும்பமாட்டாய்.

இப்போது உன் அம்மா கேட்கிறார். நான் மறுமொழி சொல்லாமல் இருந்தபோது, "இருக்குதென்ன?" என்றார். எனக்குப் பொய் சொல்ல வராது. இருக்கிறது என்றும், நீ காட்ட வேண்டாம் என்று சொன்னதாகவும் சொல்லிவிட்டேன். அவர் கெஞ்சவில்லை. "என்ன மாதிரி நிக்கிறாள்? அதை மட்டும் சொல்லு" என்றார். சொன்னேன். தண்ணீர் அடித்ததையும் நான் பர்தோன் கேட்டதையும் சொன்னபோது அங்கே ஒரு சிரிப்புக் கேட்டது. உன்னுடைய சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிந்தது.

முதலில் என்னை வெட்டிவிட்டு உன்னை மட்டும் எடுக்கலாம் என்று நினைத்தேன். எந்தப் படத்திலும் முதலில் என்னைத்தானே வெட்டுவேன். போனில் முயன்று பார்த்தேன். உன் கை என் கழுத்தைச் சுற்றி இருக்கிறது. என்னை எடுத்தால் உன் கையும் போகிறது. கையை விட்டால் என் தோள் உன்னோடு நிற்கிறது. எப்படியோ வெட்டினாலும், நீ ஒன்றுமில்லாத வெளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். படம் இருந்தால் இருவரும்தான்.

அதை என் அம்மாவிடம் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "விசரே உனக்கு? செத்த பிள்ளையோடை உன்னையும் சேத்துச் சுவரிலை கொழுவ விடப்போறியோ? மாலையும் போட்டு விளக்கும் வைப்பினம். உயிரோடை இருக்கிற பிள்ளை. நாளைக்குக் கலியாணம் பேசவேணும்."

என் அம்மாவின் பயம் எனக்கு விளங்கியது. அதை மறைக்காமல் உன் அம்மாவிடமும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"அம்மா சொல்லுறது சரி, பிள்ளை. நீ நிக்கிற படத்துக்கு நான் மாலை போடமாட்டன். பொட்டு வைக்கமாட்டன். சாமியறைப் பக்கம் கொண்டுபோகமாட்டன். முன் வாசலுக்கு நேரை, வாறவை காணக் கொழுவுவன். மாலை போடுறதுக்கு அந்தச் சீலைக்காரி இருக்கிறாள்தானே. மாலை போடாத படமாத்தான் எனக்கு என்ரை பிள்ளை ஒண்டு வேணும்."

இதைப் போய் என் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வெங்காயம் உரித்துக்கொண்டே, "அனுப்பு. நீ சிரிச்சா கடைவாய்ப் பல்லுவரை தெரியும். அதை ஆரும் திவசப் படமெண்டு நினைக்காயினம்" என்றார். அவர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை. உன் சொல்லை நான் மீறவில்லை.

எனக்கு இப்போது வேலை இருக்கிறது. உன் அகப்பைக்குப் பயந்து அடுத்த நேர்முகத்தில் என் பெயருக்குப் பிறகு இன்னும் சில வசனங்கள் சொன்னேன். நாளுக்கு ஒரு படம் எடுப்பதை நிறுத்தவில்லை. அனுப்ப ஆள் இல்லாத நாட்களில் எடுத்துவிட்டு, "கண்டனான்தானே" என்று சொல்லிக்கொள்கிறேன். தண்டவாளப் பூ இன்னும் பூக்கத் தொடங்கவில்லை. சாம்பல் பச்சையில் தளிர் விட்டிருக்கிறது. நேற்று அதையும், கம்பி வலையில் பிடித்திருந்த என் விரல்களையும் சேர்த்து எடுத்தேன். விரல்களைப் பற்றி ஒரு கூடாத சொல்லும் சொல்லவில்லை.

உன் அம்மாவின் கதையை யோசித்துப் பார்த்தேன். நான் உயிரோடு இருக்கும்வரைதான் அந்தப் படத்துக்கு மாலை விழாது. ஆகவே நான் கனகாலம் இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நித்திரை கொள்ள வேண்டும், என்னை நானே கூடாத சொற்களால் அடிக்காமல் இருக்க வேண்டும். இதெல்லாம் எனக்காகச் செய்யச் சொல்லி நீ சொன்னபோது வெட்கமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை.

படத்தைப் பெரிதாக அச்சடித்துவிட்டேன். கடையில் கொடுக்கவில்லை, யாரும் காணக்கூடாதென்று இயந்திரத்தில் நானே நின்று எடுத்தேன். முகங்கள் உட்பக்கமாக இருக்கச் சுருட்டி வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகிற ஒருவர் நாளைக்கு வந்து வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீ பழகிக்கொள்கிறேன் என்றாய். பழகினாயா என்று கேட்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. உன் அம்மாவுக்கு அந்த முகம் பழக்கம்தான். நீ மயிரை இழுத்து விட முன்னமே, உனக்கு வெட்கம் வர முன்னமே, அவர் அதைத் தன் கைக்குள் வைத்திருந்தவர். கேட்கிறேன்.

அம்மாவுக்கு மட்டும் காட்டட்டோடி?